வன்தட்டின் நல அறிக்கையைப் படிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி திடீரென்று நின்று நின்று ஓடுகிறது, ஒரு கோப்பை நகலெடுக்கும்போது பாதியில் பிழை வருகிறது, ஏதோ ஒரு மென்பொருள் மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டுகிறது. இப்படித் தொடங்கும் கேள்விகளை நான் தொடர்ந்து கேட்டு வருகிறேன். கேட்பவர்களில் பெரும்பாலோர் தங்கள் ஹார்ட் டிஸ்க்கின் ஸ்மார்ட் அறிக்கையைத் திரைப்பிடிப்பாக எடுத்து அனுப்பி, அதில் உள்ள எண்களில் எதை நம்புவது, எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் நிற்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் ஐயங்களை, அடிப்படையிலிருந்து சிக்கலானவை வரை, இங்கே ஒருசேரத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவை வந்த விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

ஸ்மார்ட் ரிப்போர்ட் என்பது என்ன? அதை எழுதுவது விண்டோஸா, டிஸ்க்கா?

எழுதுவது டிஸ்க்தான். வன்தட்டின் சர்க்யூட் போர்டில் ஓடும் ஃபர்ம்வேர் என்ற உள்மென்பொருள், எத்தனை மணி நேரம் இயங்கினோம், எத்தனை செக்டர்கள் (தரவு எழுதப்படும் சிறு கட்டங்கள்) கெட்டுப்போயின, எத்தனை முறை வாசிக்க முடியாமல் திணறினோம் என்பவற்றையெல்லாம் தானே எண்ணி, தனக்குள்ளேயே பதிந்துவைக்கிறது. இயங்குதளமும் மென்பொருளும் அந்தப் பதிவைக் கேட்டு வாங்கிக் காட்டுகின்றன, அவ்வளவே. ஆகவே விண்டோஸை மீண்டும் நிறுவினாலும் டிஸ்க்கை வேறு கணினியில் மாட்டினாலும் அந்த வரலாறு அழிந்துபோவதில்லை.

முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. டிஸ்க் ஒட்டுமொத்தமாகத் தன்னை நலம் என்றோ நலமில்லை என்றோ அறிவிக்கும் முறை மட்டுமே தரநிலையில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அறிக்கையின் தனித்தனி வரிகளுக்கு அடையாள எண்ணும் பொருளும் கொடுப்பது அந்தந்தத் தயாரிப்பாளர். பல வரிகள் எல்லா நிறுவனங்களிலும் ஒரே பொருளில் வருகின்றன என்றாலும், சில வரிகளை இரண்டு நிறுவனங்களின் டிஸ்க்குகளுக்கிடையே ஒப்பிடவே கூடாது. பின்னால் வரும் குழப்பங்களில் பாதி இதிலிருந்து பிறப்பவை.

எந்த மென்பொருளில் பார்ப்பது?

விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ எளிது. லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பில் உள்ள ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை அதைவிட விரிவான அறிக்கையைத் தரும். டிஸ்க் கடைசியாகச் சந்தித்த பிழைகளின் பட்டியலும், முன்பு ஓட்டிய சோதனைகளின் முடிவுகளும் அதில் சேர்ந்தே வரும். கட்டளை தட்டச்சு செய்யத் தயங்குபவர்களுக்கு அதே தொகுப்பின் மேல் அமைந்த ஜிஸ்மார்ட்கன்ட்ரோல் இருக்கிறது. எதில் பார்த்தாலும் முதல் அறிக்கையைத் தேதியுடன் சேமித்துவையுங்கள், ஏனெனில் இரண்டாவது அறிக்கை அதனோடு ஒப்பிடப்படும்போதுதான் பேசத் தொடங்கும்.

ஒவ்வொரு வரியிலும் நான்கு எண்கள் இருக்கின்றன. எதைப் பார்ப்பது?

வரியின் கடைசியில் இருப்பது மூல எண், அதாவது டிஸ்க் நேரடியாக எண்ணியது. அந்த எண்ணிக்கையைத் தயாரிப்பாளர் தன் சூத்திரப்படி சுருக்கிப் போடுவது மதிப்பெண். இது பெரும்பாலும் 100-இலோ 200-இலோ தொடங்கி, நிலைமை கெடக் கெடக் குறைந்துகொண்டு வரும். இதுவரை தொட்ட மிகக் குறைந்த மதிப்பெண் மூன்றாவது. நான்காவது வரம்பு: பள்ளித் தேர்வில் தேர்ச்சிக்குரிய மதிப்பெண்ணைப் போன்றது. மதிப்பெண் இந்த வரம்புக்குச் சமமாகவோ அதற்குக் கீழாகவோ இறங்கினால்தான் டிஸ்க் தன்னைத் தோல்வியுற்றதாக அறிவிக்கும்.

கெட்ட செக்டர்களைப் பற்றிய வரிகளில் மூல எண்ணையே பாருங்கள், ஏனெனில் வரம்புகள் மிகத் தாராளமாக வைக்கப்பட்டிருக்கின்றன. நூற்றுக்கணக்கான செக்டர்கள் கெட்ட பிறகும் மதிப்பெண் 100-ஐ விட்டு அதிகம் நகராத டிஸ்க்குகள் உண்டு. வேறு சில வரிகளில் இதற்கு நேர்மாறாக மூல எண் நம்மை வீணாக அச்சுறுத்தும். அவற்றைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

பல வரிகளில் 'ப்ரீ-ஃபெயில்' என்று எழுதியிருக்கிறது. டிஸ்க் போகப்போகிறது என்று அர்த்தமா?

இல்லை. அது அந்த வரியின் வகைப்பெயர் மட்டுமே. அந்த வகை வரி ஒன்று வரம்புக்குக் கீழே இறங்கினால் டிஸ்க் விரைவில் செயலிழக்கும் என்று பொருள். 'ஓல்ட் ஏஜ்' வகையில் இறங்கினால் வடிவமைத்த ஆயுள் முடிந்தது என்று பொருள். புத்தம் புதிய டிஸ்க்கிலும் இந்தச் சொற்கள் இருக்கும்.

மேலே 'பாஸ்டு' என்றுதான் வருகிறது. ஆனாலும் கம்ப்யூட்டர் உறைந்துபோகிறது. டிஸ்க் நல்லதுதானே?

'பாஸ்டு' என்பதற்கு எந்த வரியும் இன்னும் தன் வரம்பைத் தாண்டவில்லை என்பதற்கு மேல் பொருள் இல்லை. வாசிக்கவே முடியாத செக்டர்கள் இருக்கும் டிஸ்க்கும் 'பாஸ்டு' என்று சொல்லும். எதிர்த்திசையில் மட்டும் இந்தத் தீர்ப்பை முழுமையாக நம்பலாம்: அவ்வளவு தாராளமான வரம்பையும் தாண்டி ஒரு டிஸ்க் தன்னைத் தோல்வி என்று அறிவித்தால், அல்லது கணினி இயங்கத் தொடங்கும்போதே ஸ்மார்ட் நிலை மோசம், நகலெடுத்து மாற்றுங்கள் என்ற செய்தி வந்தால், அதற்கு மேல் ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. அன்றே தரவை வெளியே எடுக்க வேண்டும்.

கூகுள் ஆய்வாளர்கள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், செயலிழந்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை, வெப்பநிலையைத் தவிர்த்த மற்ற ஸ்மார்ட் எச்சரிக்கைகள் எதையுமே காட்டாமல் செயலிழந்தன என்று கண்டார்கள். அதே ஆய்வில், முதல் வாசிப்புச் சோதனைப் பிழையை (தட்டின் மேற்பரப்பை டிஸ்க் தானே சோதிக்கும்போது தென்படும் பிழையை) காட்டிய டிஸ்க்குகள் அடுத்த 60 நாட்களில் செயலிழக்கும் வாய்ப்பு, அப்பிழை இல்லாதவற்றைவிட 39 மடங்கு அதிகமாக இருந்தது. எச்சரிக்கை வந்தால் அதை மிகுந்த மதிப்புடன் எடுத்துக்கொள்ள வேண்டும். வராமல் இருப்பதை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எல்லா வரியையும் படிக்க முடியவில்லை. எந்தெந்த எண்களை மட்டும் பார்த்தால் போதும்?

5, 187, 188, 197, 198 ஆகிய அடையாள எண்கள் கொண்ட ஐந்து வரிகள். முறையே மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள், திருத்த முடியாத பிழைகள், காலம் கடந்தும் முடியாத கட்டளைகள், முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டர்கள், உட்சோதனையில் திருத்த முடியாமல்போன செக்டர்கள். பெரும் எண்ணிக்கையில் வன்தட்டுகளை இயக்கும் பேக்பிளேஸ் நிறுவனம் இந்த ஐந்தைத்தான் கண்காணிக்கிறது. 2016-இல் அது வெளியிட்ட கணக்கில், செயலிழந்த டிஸ்க்குகளில் 76.7 சதவீதத்தில் இந்த ஐந்தில் ஒன்றாவது பூஜ்யத்துக்கு மேல் இருந்தது; நன்றாக ஓடிக்கொண்டிருந்தவற்றில் அப்படி இருந்தவை 4.2 சதவீதம் மட்டுமே.

இவற்றோடு 199-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது டிஸ்க்கின் நோயைச் சொல்வதில்லை, டிஸ்க்குக்கும் கணினிக்கும் இடையிலான பாதையின் நோயைச் சொல்கிறது. கோளாறைத் தேடும்போது அந்த வேறுபாடு பெரிது. எல்லா டிஸ்க்கிலும் எல்லா வரியும் இருக்காது என்பதால், 187-உம் 188-உம் காணவில்லை என்றால் பதற வேண்டாம்.

5-ஆம் வரியில் 8 என்று வந்துவிட்டது. டிஸ்க் போய்விட்டதா?

போகவில்லை. எட்டு செக்டர்கள் பயன்படுத்த முடியாதவை என்று முடிவாகி, அவற்றின் இடத்தில் உபரியாக வைத்திருந்த செக்டர்கள் வேலைக்கு அமர்த்தப்பட்டிருக்கின்றன. இந்த எட்டு என்ற எண்ணையே சற்று நெருங்கிப் பாருங்கள். இன்றைய வன்தட்டுகளில் பெரும்பாலானவை உள்ளே 4096 பைட் கொண்ட செக்டர்களாக எழுதிக்கொண்டு, வெளியே 512 பைட் செக்டர்களாகக் காட்டுபவை. உள்ளே ஒரே ஒரு செக்டர் கெட்டால் வெளியே எட்டு கெட்டதாகக் கணக்காகும். அதனால்தான் பல டிஸ்க்குகளில் இந்த எண் 8, 16, 24 என்று எட்டின் மடங்குகளாக ஏறுகிறது.

எண் எவ்வளவு என்பதைவிட அது நகர்கிறதா என்பதே முக்கியம். 8-இல் நின்று மாதக்கணக்கில் அசையாத டிஸ்க்கை, நகல் வேறிடத்தில் உள்ள தரவுக்குத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்பது என் கருத்து. திங்களன்று 8, வியாழனன்று 40, அடுத்த வாரம் 200 என்று ஏறும் டிஸ்க்குக்கு அந்தச் சலுகை கிடையாது. தட்டின் மேற்பரப்போ வாசிக்கும் முனையோ தொடர்ந்து சிதைந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் அறிக்கையில் வேறில்லை.

197-இல் 16 என்று இருந்தது. டிஸ்க்கை முழுதாக ஃபார்மட் செய்ததும் பூஜ்யமாகிவிட்டது. சரியாகிவிட்டதா?

இதற்கு விடை 5-ஆம் வரியில் இருக்கிறது. 197 என்பது, வாசிக்க முயன்று தோற்றுப்போன, ஆனால் இன்னும் கெட்டது என்று தீர்மானிக்கப்படாத செக்டர்களின் எண்ணிக்கை. டிஸ்க் ஏன் உடனே மாற்றி ஒதுக்கவில்லை என்று கேட்கலாம். அந்தச் செக்டரில் இருந்த தரவு அதன் கையில் இல்லை. உபரி செக்டரில் எதை எழுதுவது என்று தெரியாமல், ஒருவேளை அடுத்த முயற்சியில் வாசிக்க முடியலாம், அல்லது உரிமையாளரே அதே இடத்தில் புதிதாக எதையாவது எழுதலாம் என்று காத்திருக்கிறது.

புதிதாக எழுதும் நாள் வந்ததும் டிஸ்க் அந்த இடத்தைச் சோதிக்கிறது. எழுத்து நன்றாகப் பதிந்தால் செக்டரை மன்னித்துத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது: 197 குறையும், 5 ஏறாது. பதியாவிட்டால் நிரந்தரமாக ஒதுக்குகிறது: 197 குறையும், 5 ஏறும். ஆகவே 197 பூஜ்யமானபோது 5 அசையவில்லை என்றால், எழுதும் நடுவில் மின்சாரம் நின்றது போன்ற ஒரு காரணத்தால் எழுத்து அரைகுறையாகப் பதிந்திருந்தது என்றும், அந்த இடத்துத் தட்டு நலமாகவே இருக்கிறது என்றும் கொள்ளலாம். 5 அதே அளவில் ஏறியிருந்தால் கோளாறு சரியாகவில்லை, கணக்கு மட்டும் இந்த வரியிலிருந்து அந்த வரிக்கு மாறியிருக்கிறது.

எப்படியானாலும் அந்தச் செக்டர்களில் முன்பு இருந்த தரவு ஃபார்மட்டோடு போய்விட்டது. அதனால்தான் 197-இல் ஏதாவது எண் தெரியும்போது முதல் வேலையாக ஃபார்மட் செய்யாதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். அந்தச் செக்டர்கள் உங்கள் கோப்பு ஒன்றின் பகுதியாக இருக்கலாம், இன்னும் சில முயற்சிகளில் வாசிக்கக் கிடைக்கக்கூடியவையாகவும் இருக்கலாம்.

197-க்கும் 198-க்கும் என்ன வித்தியாசம்? எனக்கு இரண்டும் ஒரே எண்ணாக இருக்கிறது.

197 எந்த வாசிப்பிலும் ஏறலாம். 198 டிஸ்க் தானாகவோ நாம் ஏவியோ செய்யும் உட்சோதனையின்போது திருத்த முடியாமல்போன செக்டர்களைக் காட்டுகிறது. பல டிஸ்க்குகளில் இரண்டும் சேர்ந்தே நகரும், சிலவற்றில் 198 முழுச் சோதனைக்குப் பிறகுதான் புதுப்பிக்கப்படும். நடைமுறையில் எது ஏறினாலும் செய்ய வேண்டியது ஒன்றே.

199 ஐந்நூறைத் தாண்டிவிட்டது. டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?

முதலில் கேபிளை மாற்றுங்கள். தரவு கேபிள் வழியே பயணிக்கும்போது சிதைந்து, சரிபார்ப்பில் பிடிபட்டு, மீண்டும் அனுப்பப்பட்ட ஒவ்வொரு முறையும் இந்த எண் ஒன்று ஏறுகிறது. சரியாகப் பொருந்தாத சாட்டா கேபிள், பழுதான இணைப்பி, மதர்போர்டின் போர்ட், நிலையற்ற மின்வழங்கி ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள். 5, 197, 198 மூன்றும் பூஜ்யமாக இருந்து 199 மட்டும் ஏறியிருக்கும் டிஸ்க்கைத் தூக்கி எறிவது வீண்.

இந்த எண் ஒருபோதும் இறங்காது என்பதை மறக்கக் கூடாது. கேபிளை மாற்றிய பிறகும் 500 என்றே காட்டும். அன்றைய எண்ணைக் குறித்துக்கொண்டு, பெரிய கோப்புகள் சிலவற்றை நகலெடுத்துவிட்டு மீண்டும் பாருங்கள். அசையவில்லை என்றால் சிக்கல் தீர்ந்தது. கேபிளையும் போர்ட்டையும் மாற்றிய பிறகும் ஏறினால், டிஸ்க்கின் சர்க்யூட் போர்டைச் சந்தேகிக்கலாம்.

முதல் வரியில் ரீட் எரர் ரேட் கோடிக்கணக்கில் காட்டுகிறது! இத்தனை பிழையுடன் டிஸ்க் எப்படி ஓடுகிறது?

டிஸ்க் சீகேட் நிறுவனத்துடையதா என்று பாருங்கள். 1-ஆம் வரியிலும், முனை தன் இடத்தைத் தேடும்போது வரும் பிழைகளைக் காட்டும் 7-ஆம் வரியிலும் அந்நிறுவனம் இரண்டு எண்களை ஒரே 48 பிட் எண்ணுக்குள் அடுக்கித் தருகிறது. மேல் 16 பிட்டுகளில் பிழைகளின் எண்ணிக்கை, கீழ் 32 பிட்டுகளில் மொத்தச் செயல்களின் எண்ணிக்கை. மென்பொருள் இரண்டையும் பிரிக்காமல் ஒரே எண்ணாகக் காட்டுவதால் கோடிகள் தெரிகின்றன. 7-ஆம் வரியின் மூல எண்ணை 4,29,49,67,296-ஆல் வகுத்து முழு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 8,72,15,415 என்று இருந்தால் வகுத்தால் பூஜ்யம், ஒரு பிழையும் இல்லை. 12,90,00,00,000 என்று இருந்தால் மூன்று பிழைகள். 1-ஆம் வரிக்கும் பல மாடல்களில் இதே முறை பொருந்தும்.

அதே நிறுவனத்தின் 188-ஆம் வரியிலும் இப்படிப்பட்ட அடுக்கு உண்டு. அங்கே மூன்று எண்ணிக்கைகள் 16 பிட்டுகள் வீதம் அடுக்கப்பட்டிருக்கும். 4,29,50,32,833 என்ற மிரட்டும் எண் உண்மையில் 1, 1, 1 என்ற மூன்று சிறு எண்கள்தான். 429 கோடி கட்டளைகள் தோற்றுவிட்டன என்று எண்ணி ஒரு நல்ல டிஸ்க்கைக் கைவிடுபவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. 1-ஆம், 7-ஆம் வரிகளில் மட்டும் மூல எண்ணை விட்டுவிட்டு, மதிப்பெண் வரம்புக்கு மேலே இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் மூல எண்களில் எழுத்துகளும் கலந்து வருகின்றன. என்ன இது?

அது மூல எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டுவது இயல்பு. அங்கே 10 என்றால் 16, 64 என்றால் 100. வரிகளின் அடையாள எண்களும் அதே முறையில்தான் இருக்கும்: சி5 என்பது 197, சி6 என்பது 198, சி7 என்பது 199. மூல எண்களைப் பதின்ம முறைக்கு மாற்றும் வசதி மேம்பட்ட அமைப்புகளில் இருக்கிறது. முதல் வேலையாக மாற்றிக்கொள்வது நல்லது. அது காட்டும் மஞ்சள் எச்சரிக்கை பெரும்பாலும் 5, 197, 198 ஆகியவற்றின் மூல எண்களைக் கொண்டே எழுகிறது என்பதால், 'பாஸ்டு' என்ற தீர்ப்பைவிட அதற்குச் செவிகொடுப்பது நல்லது.

ஷார்ட் டெஸ்ட் போதுமா, லாங் டெஸ்ட் ஓட்ட வேண்டுமா?

குறுஞ்சோதனை ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில் மின்னணுப் பகுதியையும் தட்டின் சிறு பகுதியையும் பார்த்துவிட்டு முடிந்துவிடும். அதில் தோற்றால் டிஸ்க் நிச்சயமாகக் கெட்டது. தேறினால் அதிகம் சொல்வதற்கில்லை. நெடுஞ்சோதனை தட்டின் முதல் செக்டரிலிருந்து கடைசி செக்டர் வரை வாசித்துப் பார்க்கிறது. கொள்ளளவைப் பொறுத்துப் பல மணி நேரம் பிடிக்கும். எவ்வளவு நேரம் ஆகும் என்று டிஸ்க்கே அறிக்கையில் மதிப்பிட்டுச் சொல்லியிருக்கும். இந்தச் சோதனைகள் எதையும் அழிப்பதில்லை. வாசிப்பு முழுவதும் டிஸ்க்குக்குள்ளேயே நடப்பதால், கேபிளின் குற்றத்தை இவை காட்டுவதுமில்லை.

லாங் டெஸ்ட் 'ரீட் ஃபெயிலியர், 90%' என்று நின்றுவிட்டது. 90 சதவீதம் கெட்டுவிட்டதா?

அந்த 90 என்பது சோதிக்கப்படாமல் எஞ்சியிருக்கும் பங்கு. முதல் பத்து சதவீதத்துக்குள்ளேயே வாசிக்க முடியாத ஒரு செக்டர் தட்டுப்பட்டு, சோதனை அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்தில் அந்த முதல் செக்டரின் முகவரியும் இருக்கும். அதற்கு அப்பால் இன்னும் எத்தனை கெட்ட செக்டர்கள் உள்ளன என்பதை இந்தச் சோதனை சொல்லவில்லை.

வெளிப்புற டிஸ்க்குகளில் சோதனை முடியாமலே 'அபார்ட்டட்' என்று நின்றால், அதைக் கோளாறாகக் கருத வேண்டியதில்லை. வேலை இல்லை என்று நினைத்து யூஎஸ்பி பெட்டி டிஸ்க்கை உறங்கவைத்திருக்கும். சோதனை ஓடும்போது அவ்வப்போது ஒரு சிறு கோப்பை வாசிக்கச் செய்தால் விழித்தே இருக்கும்.

முதலில் சோதிப்பதா, முதலில் நகலெடுப்பதா?

நகலெடுப்பதுதான் முதல் வேலை. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. 197 ஏறிக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் நெடுஞ்சோதனை ஓட்டுவது, அதன் எஞ்சிய ஆயுளில் பல மணி நேரத்தை நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு செய்திக்காகச் செலவழிப்பதாகும். விண்டோஸின் செக்டிஸ்க் என்ற டிஸ்க் சரிபார்ப்புக் கட்டளையை ஆர் விருப்பத்துடன் (chkdsk /r) ஓட்டுவது இன்னும் மோசம். அது கோப்பு முறைமையை ஒழுங்குபடுத்தும் பெயரில் அதே டிஸ்க்கில் எழுதுகிறது, மீட்டிருக்கக்கூடிய துண்டுகளையும் இடம் மாற்றிவிடக்கூடும். மேலும், கெட்ட இடங்களை இனித் தொடாதே என்று கோப்பு முறைமையில் குறித்துவிட்டுப் போய்விடுவதால், அங்கே யாரும் மீண்டும் எழுதுவதில்லை. மேலே சொன்ன காரணத்தால் 197 அப்படியே தொங்கி நிற்கும்.

சில கோப்புகள்தான் முக்கியம் என்றால் அவற்றை முதலில் எடுத்துவிடுங்கள். முழு டிஸ்க்கும் வேண்டும் என்றால் லினக்ஸில் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவி இருக்கிறது. முதல் சுற்றில் எளிதாக வாசிக்கக் கிடைப்பவற்றையெல்லாம் அள்ளிக்கொண்டு, தடங்கல் உள்ள இடங்களைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். அடுத்த சுற்றுகளில் அந்த இடங்களை மட்டும் மீண்டும் முயலச் செய்யுங்கள். எங்கே நின்றோம் என்பதை அது ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைப்பதால், நடுவில் டிஸ்க் துண்டிக்கப்பட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் கோப்பும் நகலும் வேறொரு நல்ல டிஸ்க்கில் இருக்க வேண்டும், அது பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. கோப்பு முறைமையைப் பழுதுபார்க்கும் வேலையெல்லாம் நகலின் மீது நடக்கட்டும்.

டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடுகிறது, சில நேரம் கண்டுபிடிக்கப்படுவதே இல்லை. ஸ்மார்ட்டில் எதைப் பார்ப்பது?

எதையும் பார்க்க வேண்டாம், மின்சாரத்தை நிறுத்துங்கள். சீரான இடைவெளியில் தட்டும் ஒலி, வாசிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திரும்பத் திரும்பத் தொடக்கத்துக்குப் போய்வருவதன் அறிகுறி. அந்த நிலையில் ஒவ்வொரு நிமிட இயக்கமும் தட்டைக் கீறக்கூடும். தரவு விலைமதிப்பற்றது என்றால் தூசற்ற அறையில் டிஸ்க்கைத் திறக்கும் வசதி உள்ள மீட்பு நிலையத்திடம் கொடுக்க வேண்டும். உறைபெட்டியில் வைத்து எடுக்கும் பழைய யோசனையைப் பின்பற்றாதீர்கள், உள்ளே ஈரம் படியும்.

வெப்பநிலை 48 காட்டுகிறது. ஆபத்தா?

பெரும்பாலான மேசைக் கணினி வன்தட்டுகளுக்குத் தயாரிப்பாளர் குறிப்பிடும் உச்சம் 60 டிகிரி செல்சியஸ். 48 ஆபத்தில்லை, ஆனால் காற்றோட்டத்தைக் கவனிக்க வேண்டிய அளவு. முன்பு சொன்ன 2007-ஆம் ஆண்டு ஆய்வில், மிதமான வெப்பநிலைகளுக்குள் சூடு கூடுவதால் செயலிழப்பு கூடுவதாகத் தெரியவில்லை. மிக அதிக வெப்பத்தில்தான் தீங்கு தென்பட்டது. 194-ஆம் வரியில் நம்ப முடியாத பெரிய எண் தெரிந்தால், குறைந்தபட்ச, அதிகபட்ச வெப்பநிலைகளையும் டிஸ்க் அதே எண்ணுக்குள் அடுக்கியிருக்கிறது என்று கொள்ளுங்கள்.

40,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. மாற்றிவிடலாமா?

ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம் என்பதால், அது இடைவிடாமல் நாலரை ஆண்டுகள் ஓடியதற்குச் சமம். வயது மட்டுமே காரணமாக ஒரு டிஸ்க்கை நான் மாற்றச் சொல்லமாட்டேன், ஆனால் ஒரே நகல் இருக்கும் இடமாக அதை வைக்கவும் சொல்லமாட்டேன். முனை நிறுத்தப்பட்ட எண்ணிக்கையைக் காட்டும் 193-ஆம் வரியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். பல டிஸ்க்குகள் 3,00,000 அல்லது 6,00,000 முறைக்கு வடிவமைக்கப்பட்டவை. சில நொடிகள் ஓய்வு கிடைத்தாலே முனையை நிறுத்தும் சிக்கன வகை டிஸ்க்குகளில் இந்த எண் விரைவாக ஏறும்.

சோதனைப் பதிவில் மணிக்கணக்கு 16 பிட் எண்ணாக இருப்பதால் 65,535-க்குப் பிறகு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மிகப் பழைய டிஸ்க்கில் நேற்று ஓட்டிய சோதனை 500-ஆவது மணி நேரத்தில் நடந்ததாகத் தெரிவது அதனால்தான்.

யூஎஸ்பி பெட்டியில் போட்டால் ஸ்மார்ட் விவரமே வரவில்லை. டிஸ்க்கில் கோளாறா?

பெட்டிக்குள் இருக்கும் மாற்றி சிப் ஸ்மார்ட் கட்டளைகளைக் கடத்திவிட மறுக்கிறது. ஸ்மார்ட்சிடிஎல்லில் சாதன வகையைச் சாட் (sat) என்று குறிப்பிட்டால் பல பெட்டிகள் வழிவிடும். விடாவிட்டால், டிஸ்க்கை வெளியே எடுக்க முடியும் என்றால், நேரடியாகச் சாட்டா போர்ட்டில் மாட்டிப் பாருங்கள்.

ஸ்மார்ட்டில் எல்லாமே பூஜ்யம். ஆனால் எழுதும்போது வேகம் படுத்துவிடுகிறது, சில நேரம் உறைந்துவிடுகிறது. ஏன்?

இரண்டு வழிகளில் தேட வேண்டும். வேகம் மட்டும்தான் சிக்கல், அதுவும் நிறைய எழுதிய பிறகுதான் என்றால், டிஸ்க் எஸ்எம்ஆர் வகையா என்று மாடல் எண்ணைக் கொண்டு பாருங்கள். அவற்றில் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஓரளவு ஏறி அமைவதால், ஒரு சிறு மாற்றத்துக்கும் பக்கத்துத் தடங்களைச் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். உள்ளே இருக்கும் இடைத்தேக்கப் பகுதி நிரம்பியதும் வேகம் சரிவது அந்த வகையின் இயல்பு.

உறைதல் என்றால் இயங்குதளத்தின் பதிவைப் படிக்க வேண்டும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் டிஸ்க் தொடர்பாக 7-ஆம் எண் நிகழ்வு வந்தால் கெட்ட செக்டர். 129 என்றால் பதில் வராமல் சாதனம் மீட்டமைக்கப்பட்டது, 153 என்றால் கட்டளை மீண்டும் முயலப்பட்டது. பின்னிரண்டும் டிஸ்க்காலும் வரும், கேபிளாலும் மின்வழங்கியாலும் வரும். லினக்ஸ் பதிவில் யூஎன்சி என்ற சொல் தட்டிலிருந்து வாசிக்க முடியாததைக் குறிக்கும், ஐசிஆர்சி என்ற சொல் பாதையில் சிதைந்ததைக் குறிக்கும். ஸ்மார்ட் பூஜ்யமாக இருந்து பதிவு முழுவதும் மீட்டமைப்பாக இருந்தால், டிஸ்க்கைத் தொடும் முன் கேபிளையும் மின் இணைப்பையும் மாற்றிப் பாருங்கள்.

ரெய்டில் ஒரு டிஸ்க் அடிக்கடி வெளியே தள்ளப்படுகிறது. தனியாகச் சோதித்தால் தேறுகிறது. எது பொய்?

இரண்டும் பொய்யில்லை. ரெய்டு என்பது பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக இயக்கும் அமைப்பு. மேசைக் கணினிக்கான டிஸ்க், வாசிக்கக் கடினமான ஒரு செக்டரில் ஒரு நிமிடத்துக்கும் மேல் விடாமல் முயலும், ஏனெனில் தன்னிடம் இருப்பதுதான் ஒரே நகல் என்று அது கருதுகிறது. ரெய்டு கட்டுப்படுத்தியோ சில நொடிகளில் பொறுமை இழந்து, டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டும். லினக்ஸின் இயல்பான காத்திருப்பு 30 நொடிகள். சேமிப்பகங்களுக்கென்று செய்த டிஸ்க்குகள் பெரும்பாலும் 7 நொடிகளில் கைவிட்டுப் பிழையை அறிவித்துவிடுகின்றன. தரவை மற்ற டிஸ்க்குகளிலிருந்து ரெய்டு திரட்டிக்கொள்கிறது. உங்கள் டிஸ்க் ஈஆர்சி என்ற இந்தக் கால வரம்பை ஏற்குமா என்று ஸ்மார்ட்சிடிஎல்லில் பார்க்கலாம். ஏற்றால் அமைத்துவிடலாம், ஆனால் பல டிஸ்க்குகள் மின்சாரம் நின்றதும் அதை மறந்துவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் அமைக்க வேண்டும். ஏற்காவிட்டால் இயங்குதளத்தின் காத்திருப்பை நீட்டலாம். இத்தனைக்கும் பிறகு, கடினமான செக்டர் ஒன்று இருந்ததால்தான் இந்தச் சிக்கல் எழுந்தது என்பதையும் மறக்காமல் 197-ஐத் தொடர்ந்து கவனியுங்கள்.

எஸ்எஸ்டிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

கருத்து பொருந்தும், எண்கள் பொருந்தா. என்விஎம்ஈ என்ற வேகமான எஸ்எஸ்டி வகையில் அடையாள எண்களே கிடையாது. அவசர எச்சரிக்கை பூஜ்யமாக இருக்கிறதா, எஞ்சிய உபரி தன் வரம்புக்கு மேலே இருக்கிறதா, தரவுப் பிழைகளின் எண்ணிக்கை ஏறுகிறதா என்ற மூன்றைப் பாருங்கள். பயன்படுத்தப்பட்ட சதவீதம் என்ற வரி தயாரிப்பாளர் மதிப்பிட்ட எழுத்து ஆயுளைக் குறிக்கிறது. அது 100-ஐத் தாண்டிப் போகலாம், தாண்டியதும் சாதனம் நின்றுவிடாது. முறையற்று நிறுத்தப்பட்டவற்றின் எண்ணிக்கை பெரிதாக இருந்தால், அது மின்வெட்டுகளின் வரலாறு, சாதனத்தின் நோயன்று. எஸ்எஸ்டிகள் முன்னறிவிப்பில்லாமல் ஒரேயடியாக மறைந்துபோவது உண்டு என்பதால், நகல் எடுப்பதில் இவற்றுக்குத் தளர்வு காட்ட இடமில்லை.

மாற்று டிஸ்க் வாங்கிவிட்டேன். தரவை ஏற்றும் முன் என்ன சோதிக்க வேண்டும்?

பெட்டியைத் திறந்ததும், ஒரு கோப்பும் எழுதுவதற்கு முன், முழு அறிக்கையை எடுத்துச் சேமியுங்கள். இயங்கிய நேரம் பூஜ்யத்தை ஒட்டியே இருக்க வேண்டும். பழைய டிஸ்க்குகளின் ஸ்மார்ட் எண்களை அழித்துப் புதியவையாக விற்பதும் நடக்கிறது. சீகேட் டிஸ்க்குகளில் ஃபார்ம் என்ற தனிப் பதிவு ஒன்று உண்டு. அதில் உள்ள இயக்க நேரத்தையும் 9-ஆம் வரியில் உள்ளதையும் ஸ்மார்ட்மான்டூல்ஸின் புதிய பதிப்புகளில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பெரிதும் வேறுபட்டால் திருப்பிக் கொடுக்க அதுவே போதுமான காரணம்.

பிறகு ஒரு நெடுஞ்சோதனை, அடுத்து டிஸ்க் முழுவதும் ஒருமுறை எழுதி நிரப்புதல், மறுபடியும் ஒரு நெடுஞ்சோதனை. பெரிய டிஸ்க்குக்கு இது நாட்கணக்கில் ஆகலாம். முடிந்ததும் 5, 187, 197, 198, 199 ஆகியவற்றை முதல் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். 199 ஏறியிருந்தால் கேபிளைப் பாருங்கள். மற்ற நான்கில் எது பூஜ்யத்தை விட்டு நகர்ந்திருந்தாலும், உத்தரவாதக் காலம் தொடங்கிய அந்த வாரத்திலேயே, சேமித்த இரண்டு அறிக்கைகளையும் இணைத்து டிஸ்க்கை மாற்றிக் கேளுங்கள்.